யார் அளந்த கணக்கு?

இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேனைக் காற்றில் விடுகின்றன என்று 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு ஒன்று சொன்னது. அது இந்திய வயலில் அளந்து பெற்ற எண் அல்ல. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பருவம் முழுக்கத் தண்ணீர் நிறுத்திப் பயிர் செய்யும் வயல்களில் எடுத்த அளவை இங்குள்ள சுமார் 4 கோடி ஹெக்டேர் நெல் பரப்புக்கும் விரித்துப் போட்டுக் கண்டது. நம் நெல்லில் கணிசமான பகுதி மானாவாரி. பாசனம் உள்ள இடங்களிலும் பல ஊர்களில் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத்தான் தண்ணீர் விடுவார்கள். அந்தக் கணக்கில் இவை எதற்கும் இடமில்லை.

ரியோ பூமி உச்சி மாநாட்டுக்கு நாடுகள் தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. புவி வெப்பமாவதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற வாக்குவாதம் சூடாக நடந்துகொண்டிருந்தது. வாஷிங்டனில் உள்ள உலக வள நிறுவனம் தயாரித்த பட்டியலில் முதல் ஐந்து இடங்களுக்குள் சீனாவும் பிரேசிலும் இந்தியாவும் வந்தன. அந்தக் கணக்குப் போட்ட முறையை இந்தியச் சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-இல் ஒரு சிறு நூலில் பிரித்துப் போட்டார்கள். உழவரின் வயலிலிருந்து வரும் வாயுவையும் சொகுசுக் காரின் புகையையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்பது அவர்கள் கேட்ட கேள்வி. அறச்சீற்றமான கேள்வி, தேவையான கேள்வி. ஆனால் எண்ணுக்கு எதிரே நிற்க இன்னோர் எண் வேண்டும். அதைத் தேடிப் போனவர்கள் வேறு சிலர்.

டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் 1991-இல் நாடு தழுவிய அளவீட்டுப் பணியைத் தொடங்கியது. வளிமண்டல இயற்பியலாளர் ஏ.பி. மித்ரா அதற்குத் தலைமை ஏற்றார். வேலை நடந்தது சேற்றில். நாற்றுகள் நிற்கும் இடத்தில் ஒரு சட்டத்தைச் சேற்றில் அழுத்திப் பதிப்பார்கள். அதன்மேல், பயிரையும் உள்ளடக்கி, ஒளி புகும் அக்ரிலிக் பெட்டியைக் கவிழ்ப்பார்கள். பயிரும் பெட்டிக்குள் இருந்தாக வேண்டும், ஏனென்றால் காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் மீத்தேனில் பெரும்பங்கு நெல் தாளின் உட்குழல் வழியாகத்தான் மேலே ஏறுகிறது. கால் வைத்தால் சேறு கலங்கிக் குமிழி கிளம்பிவிடும், அளவு கெட்டுவிடும். அதனால் பலகை போட்டு அதன்மேல் நின்று, குறித்த நிமிட இடைவெளிகளில் ஊசிக்குழலால் பெட்டிக் காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். பிறகு ஆய்வகத்தில் வாயுப் பகுப்புக் கருவியில் செலுத்திப் பார்க்க வேண்டும். நட்டதிலிருந்து அறுப்பு வரை இதே வேலை, மண்ணுக்கு மண், நீர் நிற்கும் முறைக்கு முறை.

கிடைத்த விடை ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டன். முதலில் சொல்லப்பட்டதில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. 2004-இல் ஐ.நா. காலநிலை ஒப்பந்தத்தின் கீழ் இந்தியா அளித்த முதல் தேசிய அறிக்கையிலும் நெல்லுக்கான மீத்தேன் கணக்கு இதே அளவில்தான் நின்றது.

இதை ஒரு தேசியப் பெருமைக் கதையாகச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. இதன் முக்கியம் வேறிடத்தில் இருக்கிறது. காலநிலை மாற்றம் குறித்த அறிவியலைத் தொகுத்து உலகுக்குச் சொல்லும் அமைப்பான ஐபிசிசி, 1990-இல் வெளியிட்ட முதல் மதிப்பீட்டில் உலக நெல் வயல்களின் மீத்தேன் ஆண்டுக்கு 11 கோடி டன் என்றது. இந்தியா, சீனா போன்ற நாடுகளின் அளவீடுகளும் வந்து சேர்ந்த பிறகு, 1992-இல் வெளியிட்ட துணை அறிக்கையில் அந்த எண் 6 கோடி டன்னாக இறங்கியது. உலகக் கணக்கு என்று நாம் நினைப்பது, யார் யார் தங்கள் வயலில் இறங்கி அளந்தார்கள் என்பதைப் பொறுத்து நிற்கிறது. ஐபிசிசியின் முப்பத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட வரலாற்றை இந்த ஒரு கண்ணால் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

அந்த அமைப்பு இன்றைய வடிவில் பிறந்தது தற்செயலாக அல்ல. 1985 அக்டோபரில் ஆஸ்திரியாவின் ஃபில்லாக் நகரில் விஞ்ஞானிகள் கூடி, வரும் நூற்றாண்டின் முதற்பாதியில் மனித வரலாறு காணாத வெப்ப உயர்வு நேரலாம் என்று எச்சரித்தார்கள். அதன் தொடர்ச்சியாகப் பசுங்குடில் வாயுக்கள் குறித்த ஆலோசனைக் குழு என்று விஞ்ஞானிகளின் சிறு குழு ஒன்றும் அமைந்தது. அரசுகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத விஞ்ஞானிகள் அரசுகள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத் தொடங்குவதை வாஷிங்டன் விரும்பவில்லை. அரசுகளே உறுப்பினராக இருக்கும் அமைப்புதான் வேண்டும் என்று அது வற்புறுத்தியது. உலக வானிலை அமைப்பின் தலைமைச் செயலராக இருந்த நைஜீரியரான ஒபாசியும், ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் தலைவராக இருந்த எகிப்தியரான முஸ்தஃபா தொல்பாவும் சேர்ந்து அதற்கு வடிவம் கொடுத்தார்கள். 1988 நவம்பரில் ஜெனிவாவில் முதல் கூட்டம் நடந்தது. ஸ்வீடனின் வானிலை அறிஞர் பெர்ட் போலின் தலைவரானார். அடுத்த மாதமே ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டு ஒப்புதல் தந்தது.

அந்த முதல் கூட்டத்துக்குச் சுமார் முப்பது நாடுகள்தான் வந்தன. மூன்று பணிக்குழுக்கள் அமைந்தன: அறிவியலுக்கு பிரிட்டன், பாதிப்புகளுக்கு சோவியத் ஒன்றியம், எதிர்வினைக்கான வழிகளுக்கு அமெரிக்கா என்று தலைமை பங்கிடப்பட்டது. வளரும் நாடுகளின் பங்கேற்பு மெலிந்திருக்கிறது என்பது சீக்கிரமே தெரிந்து, அதற்கென்று ஒரு சிறப்புக் குழுவே போட வேண்டியிருந்தது.

இப்போது 195 நாடுகள் உறுப்பினர்கள். ஐபிசிசி தானாக எந்த ஆராய்ச்சியும் செய்வதில்லை. வெளிவந்த ஆய்வுகளைப் படித்து, எடைபோட்டு, எது எவ்வளவு உறுதி என்று சொல்வதே அதன் பணி. ஜெனிவாவில் உலக வானிலை அமைப்பின் கட்டடத்தில் சிறிய செயலகம் ஒன்று. அறிவியல் மேற்பார்வைக்கு 34 பேர் கொண்ட பீரோ. ஒவ்வொரு பணிக்குழுவுக்கும் இரண்டு இணைத்தலைவர்கள், வளர்ந்த நாட்டிலிருந்து ஒருவர், வளரும் நாட்டிலிருந்து ஒருவர். ஆறாவது மதிப்பீட்டின் மூன்றாம் பணிக்குழுவுக்கு அகமதாபாத்தின் பி.ஆர். சுக்லா அப்படித்தான் இணைத்தலைவரானார். ஒவ்வொரு நாட்டிலும் ஐபிசிசியோடு பேசும் தொடர்பு அலுவலகம் ஒன்று உண்டு. இந்தியாவில் அது மத்திய சுற்றுச்சூழல், வனம், காலநிலை மாற்ற அமைச்சகம். ஆசிரியர்களின் பெயரை முன்மொழிவதும், இரண்டாவது வரைவைப் படித்து அரசின் கருத்தை அனுப்புவதும், ஒப்புதல் கூட்டத்தில் உட்கார்வதும் அந்த வழியாகத்தான். ஆசிரியர்களுக்குச் சம்பளம் கிடையாது.

ஆறாவது மதிப்பீட்டின் முதல் பணிக்குழு அறிக்கைக்கு 66 நாடுகளைச் சேர்ந்த 234 பேர் எழுதினார்கள். 14,000-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் எடுத்தாளப்பட்டன. மீளாய்வில் 78,007 கருத்துகள் வந்தன. வந்த ஒவ்வொரு கருத்துக்கும் ஆசிரியர்கள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். கேள்வியும் பதிலும் பின்னர் பொதுவெளியில் வைக்கப்படும். இவ்வளவு திறந்த முறையில், இவ்வளவு பெரிய அளவில் அறிவைச் சரிபார்க்கும் ஏற்பாடு வேறெந்தத் துறையிலும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பிறகு வருவது ஒப்புதல். முழு அறிக்கை ஆயிரக்கணக்கான பக்கம் ஓடும். அதை நாடுகள் மொத்தமாக ஏற்றுக்கொள்ளும். கொள்கை வகுப்போருக்கான சுருக்கம் மட்டும் வரி வரியாகத் திரையில் போட்டு, எல்லா நாடுகளும் ஒப்பினால்தான் நகரும். ஒரு வாக்கியத்தில் முட்டிக்கொண்டால் அதற்குத் தனிக் குழு போட்டு ஓரமாக அனுப்புவார்கள். இரவு விடிந்துவிடும். இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு ஒரு விதி: அரசுகள் கேட்கும் எந்த மாற்றமும் உள்ளே இருக்கும் அத்தியாயத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகிறதா என்று சொல்பவர்கள் மேடையில் அமர்ந்திருக்கும் ஆசிரியர்கள்.

1995 நவம்பரில் மாட்ரிட்டில் இந்த விதி கடுமையாகச் சோதிக்கப்பட்டது. காலநிலையில் மனிதக் கையின் தடம் தெரிகிறது என்று முதல்முறையாகச் சொல்ல முனைந்தது அறிக்கை. அந்த அத்தியாயத்தை வழிநடத்தியவர் பென் சான்டர். சவூதி அரேபியாவும் குவைத்தும் தடுத்துப் பார்த்தன. எவ்வளவு தெரிகிறது என்பதற்கான ஒற்றைச் சொல்லுக்காக நெடுநேரம் வாதாடி, கடைசியில் எல்லோரும் ஒப்பிய ஒரு சொல் கிடைத்தது. அதற்கு சான்டர் பல ஆண்டுகள் அவதூறைச் சுமக்க நேர்ந்தது. ஆனால் எண்ணெய் விற்கும் நாடுகளும் கையொப்பமிட்ட வாக்கியம் என்பதால்தான் அதை எந்த அரசாலும் பின்னர் மறுக்க முடியவில்லை. விஞ்ஞானிகள் மட்டும் கூடி எழுதியிருந்தால் இதைவிடக் கூர்மையாக எழுதியிருப்பார்கள், அதை அலமாரியில் வைத்துப் பூட்டுவதும் எளிதாக இருந்திருக்கும். அரசுகளோடு கட்டிப்போட்டது ஐபிசிசியை மெதுவாக்கியது, அதுவே அதற்கு எடையும் தந்தது. அடக்கி வைக்கப் போட்ட கட்டு வலுவாக மாறியதை வரலாற்றின் நல்ல திருப்பங்களில் ஒன்றாகவே நான் பார்க்கிறேன்.

அதே ஆண்டு இன்னொரு சண்டையும் நடந்தது. அதை இன்று நினைவில் வைத்திருப்பவர் குறைவு. பொருளாதார வல்லுநர்கள் எழுதிய அத்தியாயம் ஒன்று காலநிலை மாற்றத்தின் சேதத்தைப் பணத்தில் மதிப்பிட்டது. உயிரிழப்புக்கும் விலை போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாட்டு மக்களும் ஆபத்தைத் தவிர்க்க எவ்வளவு செலவழிப்பார்கள் என்பதை அடிப்படையாக வைத்ததால், பணக்கார நாட்டு உயிருக்கு 15 லட்சம் டாலரும் ஏழை நாட்டு உயிருக்கு அதில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கும் வந்தது. அப்போது இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த கமல்நாத், இதை ஏற்க முடியாது என்று மற்ற அரசுகளுக்குக் கடிதம் எழுதினார். ஆசிரியர்கள் அத்தியாயத்தைத் திருத்த மறுத்தார்கள். அரசுகளோ சுருக்கத்தில் அந்தக் கணக்கிலிருந்து விலகி நின்றன. உள்ளே ஒன்றும் முகப்பில் ஒன்றுமாக அறிக்கை வெளிவந்தது.

இங்கே ஆசிரியர்கள் பொய் எழுதவில்லை. தங்கள் துறையில் வழக்கமான முறையைத்தான் கையாண்டார்கள். ஆனால் ஒரு முறை வழக்கமாவதற்கு முன்னால் அது யாருடைய வாழ்க்கையை வைத்து உருவானது என்று கேட்க, அந்த அறையில் போதிய ஆட்கள் இல்லை. டாக்காவில் சாகிறவரும் டென்மார்க்கில் சாகிறவரும் சமம் என்பது அறிவியல் முடிவல்ல; அறிவியல் தொடங்குவதற்கு முன்பே நிலைநாட்டியிருக்க வேண்டிய ஒன்று. அதை அரசுகள் எடுத்துச் சொன்னது சரிதான்.

அரசுகள் எப்போதும் இவ்வளவு நியாயமாக நடந்துகொள்ளவில்லை. 2014 ஏப்ரலில் பெர்லினில் மூன்றாம் பணிக்குழுவின் சுருக்கம் ஒப்புதலுக்கு வந்தது. நாடுகளை வருமான அளவின்படி பிரித்து, எந்தப் பிரிவின் உமிழ்வு எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்று காட்டிய வரைபடங்கள் அதில் இருந்தன. பாரிஸ் ஒப்பந்தத்துக்கான பேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பிரிவினை நாளை கடமையாக மாறித் தங்கள் தலையில் விழும் என்று நடுத்தர வருமான நாடுகள் அஞ்சின. படங்கள் நீக்கப்பட்டன. தரவு முழு அறிக்கையில் அப்படியே இருக்கிறது. அமைச்சர்கள் படிக்கும் சுருக்கத்தில் மட்டும் இல்லை. மேலே சொன்ன விதியின் எல்லை இதுதான். பொய்யைச் சேர்க்க அது விடாது. உண்மையை எடுத்துவிடுவதைத் தடுக்க அதனால் முடியாது.

இமயமலை விவகாரம் இதற்கு நேர்மாறான பக்கத்தைக் காட்டியது. 2007-இல் வந்த நான்காம் மதிப்பீட்டின் ஆசிய அத்தியாயத்தில், இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துபோகும் வாய்ப்பு மிக அதிகம் என்றொரு வரி இருந்தது. ஆய்விதழில் வந்த ஆதாரம் அதற்கு இல்லை. உலக வன உயிர் நிதியத்தின் அறிக்கை ஒன்றிலிருந்து எடுத்தது. மீளாய்வில் கேள்வி எழுப்பியவர்கள் இருந்தும் வரி தப்பிப் பிழைத்தது. 2009 நவம்பரில் அப்போதைய இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், அதற்கு மாறான கருத்துச் சொன்ன முன்னாள் புவியியல் அதிகாரி வி.கே. ரைனாவின் ஆய்வுரையை வெளியிட்டபோது, ஐபிசிசி தலைவர் ராஜேந்திர பச்சௌரி அதைக் கடுமையாகச் சாடினார். இரண்டு மாதத்தில், 2010 ஜனவரி 20 அன்று, ஐபிசிசி தன் பிழையை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. உலக அறிவியல் கழகங்களின் கூட்டமைப்பு, ஹெரால்டு ஷபிரோ தலைமையில் அமைப்பு முழுவதையும் ஆராய்ந்தது. பிழைதிருத்த நடைமுறையும் நலன் முரண் விதிகளும் அதற்குப் பிறகு வந்தவை.

அந்தப் பிழைக்கு அத்தியாய ஆசிரியர்களைச் சொல்வது எளிது. அதற்கும் கீழே போய்ப் பார்த்தால், இமயமலையின் பல ஆயிரம் பனியாறுகளில் ஆண்டுதோறும் நேரில் அளக்கப்பட்டு வந்தவை அப்போது விரல் விட்டு எண்ணக்கூடியவை. அளவீடு இல்லாத இடத்தில் ஊகம் குடியேறும். நெல் வயல் விஷயத்தில் நாம் இறங்கி அளந்தோம். பனிமலை விஷயத்தில் போதிய அளவு அளக்கவில்லை. இரண்டின் விளைவும் கண்முன்னே இருக்கிறது.

ஒவ்வொரு நாடும் தன் வாயுக் கணக்கை எழுதும் வழிமுறையைத் தருவதும் ஐபிசிசியின் ஒரு தனிப் பிரிவுதான். அதற்கான தொழில்நுட்ப அலுவலகம் ஜப்பானின் ஹயாமாவில் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் வயலைப் பார்த்து அடங்கலில் எழுதுவது போன்ற வேலை இது. சொந்த அளவு இருக்கும் நாடு அதைப் போடலாம். இல்லாத நாடு ஐபிசிசி தந்திருக்கும் பொது மதிப்பைப் போட வேண்டும். நெல்லுக்கான அட்டவணையில் இன்று தொடர்ந்து நீர் நிற்கும் வயல், இடையில் ஒருமுறை வடியும் வயல், பலமுறை காயும் வயல், மழையை நம்பிய வயல் என்று தனித்தனி மதிப்புகள் இருக்கின்றன. ஆசிய வயல்களில் பலகை மேல் நின்று காற்று உறிஞ்சியவர்களின் உழைப்பு அந்த வரிசைகளில் இருக்கிறது.

பிந்தைய ஆண்டுகளில் இங்கே சில நல்லவை நடந்தன. பணிக்குழு அறிக்கைகள் உலகத்தைப் பார்ப்பவை; ஒரு மாநிலத்தின் மழைக்கு அங்கே ஒரு பத்தி கிடைப்பது அரிது. அந்த இடைவெளியை நிரப்ப, 2020 ஜூனில் மத்திய புவி அறிவியல் அமைச்சகம் இந்தியப் பகுதிக்கென்று தனி மதிப்பீட்டை வெளியிட்டது. புனேயின் வெப்பமண்டல வானிலை நிறுவனத்தில் ஆர். கிருஷ்ணன் உள்ளிட்டோர் தொகுத்தது. 1901 முதல் 2018 வரை நாட்டின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி உயர்ந்ததையும், 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சுமார் 1 டிகிரி சூடேறியதையும் அது பதிவு செய்தது. அதே நிறுவனத்தின் கணினி மாதிரி, ஆறாவது மதிப்பீட்டுக்கு அடித்தளமான உலக மாதிரிகளின் தொகுப்பில் இந்தியாவிலிருந்து போன முதல் மாதிரி.

ஆசிரியர் பட்டியலும் மாறிவருகிறது. ஆறாவது மதிப்பீட்டுக்கு 90 நாடுகளிலிருந்து 721 பேர் தேர்வானபோது வளரும் நாடுகளையும் மாறிவரும் பொருளாதாரங்களையும் சேர்ந்தவர்கள் 44 சதவீதம். அதற்கு முந்தைய மதிப்பீட்டில் 37. ஏழாவதில் அது பாதியைத் தாண்டியிருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் நாற்காலிக் கணக்கோடு திருப்தி அடைந்துவிடக் கூடாது. ஐபிசிசி ஆசிரியர் எங்கிருந்து வந்தாலும், வெளிவந்த ஆய்வைத்தான் மேற்கோள் காட்ட முடியும். நாகப்பட்டினத்து உவர்நிலம் பற்றி ஆய்வே இல்லையென்றால் நாகப்பட்டினத்துக்காரரே ஆசிரியராக உட்கார்ந்தாலும் எழுத அவரிடம் வரி இருக்காது.

ஏழாவது மதிப்பீட்டின் கால அட்டவணையில் 2024 ஜனவரி இஸ்தான்புல் கூட்டத்திலிருந்து இழுபறி. 2028-இல் வரும் பாரிஸ் ஒப்பந்தத்தின் உலகளாவிய கணக்கெடுப்புக்கு முன்பே அறிக்கைகள் வர வேண்டும் என்கின்றன பல நாடுகள், குறிப்பாகக் கடலில் மூழ்கும் அபாயத்தில் உள்ள சிறு தீவுகள். அவசரப்பட்டால் வளரும் நாடுகளின் ஆய்வுகள் இடம்பெறாமல் போகும் என்கின்றன இந்தியா உள்ளிட்ட சில நாடுகள். 2025 பிப்ரவரியில் சீனாவின் ஹாங்சோவில் கூடியபோதும் முடிவு எட்டவில்லை. அமெரிக்கப் பிரதிநிதிகள் அங்கே வரவேயில்லை. இந்தியாவின் வாதத்தில் உள்ள நியாயத்தை நான் ஏற்கிறேன். ஆனால் கூடுதல் காலம் கேட்கும் நாடு, அந்தக் காலத்தில் எந்த அளவீடுகளை முடித்து வெளியிடப்போகிறது என்றும் சொல்ல வேண்டும். அது இல்லாமல் தாமதத்தை மட்டும் கேட்டால், அந்த வாதம் தாமதத்தால் லாபம் பெறும் எண்ணெய் நாடுகளுக்கே உதவும்.

நம்மூர் ஆய்வு நிலையங்களுக்கும் இதில் இப்போதே செய்ய வேலை இருக்கிறது. ஐபிசிசி வரைவுகளை மீளாய்வு செய்ய அரசு நியமனம் தேவையில்லை. துறை அனுபவம் உள்ள எவரும் தன்விவரம் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளலாம். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் காய்ச்சலும் பாய்ச்சலும் பற்றித் தெரிந்தவர்களும், கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவர்களும், மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளில் மூழ்கிப் பார்ப்பவர்களும் கைவசமுள்ள அளவுகளைப் பெட்டியில் போட்டு வைக்காமல் ஆய்விதழ்களில் வெளியிட்டாக வேண்டும். ஏழாவது மதிப்பீட்டின் வரைவுகள் மீளாய்வுக்கு வரும்போது அவர்கள் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். எந்தப் பக்கம், எந்த வரி, என்ன திருத்தம், அதற்கு என்ன சான்று என்று எழுதி அனுப்பினால், எங்கிருந்து வந்த கருத்தானாலும் ஆசிரியர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.